நடக்கிற காருக்கு எந்த பிளக்

எனக்குப் பொறுமை கிடையாது. ஓட்டலில் எனக்குப் பின்னால் வந்தவருக்கு முதலில் தோசை போனால் எழுந்து வந்துவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்ட என்னைக் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை ரோட்டில், பட்டப்பகலில், ஒரு காருக்கு முன்னால் நாயனக்காரர் மாதிரி நடக்கவைத்தவர் கலியமூர்த்தி. என் அக்கா ரத்தினம்மாளின் வீட்டுக்காரர். அவரைப் பற்றி எழுதும்போது அங்கங்கே எரிச்சல் தலைகாட்டும். பொறுத்துக்கொள்ளவும்.

மாமாவுக்கு மஞ்சக்குப்பத்தில் பாத்திரக் கடை. குடம், அண்டா, குத்துவிளக்கு, எவர்சில்வர் சாமான். பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்க ஒரு சின்ன மெஷின் வைத்திருந்தார். அந்த மெஷினைத் தவிர வேறு எந்த மெஷினும் அவர் பேச்சைக் கேட்டு நான் பார்த்ததில்லை. வீட்டு மிக்ஸி அக்கா சுவிட்சைப் போட்டால் ஓடும். அவர் போட்டால் யோசிக்கும்.

இப்படிப்பட்டவர் 2005இல் கார் வாங்கினார். காடாம்புலியூரில் ஒரு முந்திரி வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்கு அண்டா கொடுக்கப் போனவர், தோப்பில் பலா மரத்தடியில் நின்ற பழைய டாட்ஜ் காரைப் பார்த்துவிட்டார். 1951 மாடல், ஆறு சிலிண்டர். வியாபாரியின் அப்பா காலத்து வண்டி. எந்த வருஷமோ ஒரு பலாப்பழம் விழுந்து மேற்கூரை பள்ளமாகியிருந்தது. பள்ளத்தில் மழைத்தண்ணீர் நின்று அதில் ஒரு செடி வேறு முளைத்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டுப் பலாப்பழத்தை வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள்.

மாமா கூரையை வெட்டி எடுத்துவிட்டார். "மாப்ள அழைப்புக்குத் தொறந்த காருதான மச்சான் வேணும்? பாதி வேலைய பலாப்பழமே முடிச்சிட்டுது" என்றார். அவருடைய திட்டம் இதுதான்: சீர்வரிசைப் பாத்திரம் முழுவதையும் அவர் கடையில் எடுப்பவர்களுக்கு, மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் இலவசம். அவரே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுவார். பந்தலில் கடையின் பெயரை யாரும் எழுத மாட்டார்கள், காரில் எழுதிக்கொள்ளலாம்.

முதல் ஊர்வலம் புதுப்பாளையத்தில். முன்னால் நாயனம், அதற்கு முன்னால் வெடி, பின்னால் சீர்த்தட்டோடு பெண்கள், நடுவில் கார். நாயனக்காரர் என்ன வேகத்தில் நடக்கிறாரோ அந்த வேகம்தான் காருக்கும். அவர் தெருமுக்கில் நின்று ராகத்தை இழுத்தால் காரும் நிற்கும். பாதித் தூரம் போனதும் வண்டி இருமியது. பிறகு தும்மியது. பிறகு நின்றுவிட்டது. மாலையும் கையுமாக மாப்பிள்ளை இறங்கி, யாருடைய ஸ்கூட்டரிலோ பின்னால் உட்கார்ந்து மண்டபத்துக்குப் போனார். நாயனக்காரர் ஸ்கூட்டருக்கு ஈடுகொடுக்க ஓடினார்.

இரண்டாவது ஊர்வலத்திலும் இதே கதை. மூன்றாவதிலும் இதே கதை. அதற்கப்புறம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "அண்ணே, பாத்தரம் மட்டும் போடுங்க, காரு வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

மெக்கானிக் சேரன் இஞ்சினைத் திறந்து ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிக் காட்டினார். பெட்ரோலைக் கொளுத்த நெருப்புப் பொறி விடுகிற சாமான் அதுதான். ஆறும் அடுப்பங்கரைச் சட்டியடி மாதிரி கறுத்திருந்தன. "கரி புடிச்சிப் போச்சு. பொறி எப்பிடி வரும்?" என்றார். தேய்த்துப் போட்டார். வண்டி ஜோராகக் கிளம்பியது. அடுத்த ஊர்வலத்தில் மறுபடி கரி.

மாமா பிளக் தேட ஆரம்பித்தது அப்போதுதான். மனிதர்களுக்குக் கோயில் கோயிலாகப் போகும் காலம் ஒன்று வரும்; இவர் பிளக் கடை கடையாகப் போனார். கடலூரில் மோட்டார் சைக்கிள் பிளக்தான் இருந்தது. புதுச்சேரியில் கிடைத்ததற்குத் திருகு நீளம். மாட்டியிருந்தால் உள்ளே போய் இடித்திருக்கும். கடைசியில் வண்டியின் பழைய கையேட்டில் போட்டிருந்த அதே நம்பர் பிளக்கைச் சென்னை புதுப்பேட்டையில் கண்டுபிடித்து வந்தார். பூஜை அறையில் வைத்துக் குங்குமம் இட்டு மாட்டினார். குங்குமத்தோடு சேர்த்துக் கரி பிடித்தது.

பிளக்கில் சூடான ரகம், குளிர்ச்சியான ரகம் என்று உண்டு என்று யாரோ சொன்னார்கள். கடலூரில் மே மாதம் இருந்தவர் எவரும் இந்த இரண்டில் எதைக் கேட்டு வாங்குவார் என்று சொல்லத் தேவையில்லை. "இந்த வெய்யிலுக்கு இருக்கிறதுலயே கூலான பிளக்கா அனுப்பு" என்று குவைத்தில் இருந்த தம்பிக்குப் போன் போட்டார் மாமா. தம்பி ரேஸ் காருக்குப் போடுகிற பிளக்கை அனுப்பினான். அதைப் போட்ட அன்றைக்கு வண்டி முதல் தெருமுக்குக்கூடப் போகவில்லை. நாயனக்காரர் ராகத்தை ஆரம்பிப்பதற்குள் முடித்துக்கொண்டது.

இதற்கு நடுவே என் அக்கா அவரோடு பேசுவதைக் கிட்டத்தட்ட நிறுத்தியிருந்தாள். காரைப் பற்றி வீட்டில் அவரோடு பேசுகிற ஒரே ஆள் அவர்களுடைய ஒரே பெண் பவானி. பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அவர் இஞ்சினுக்குள் தலையை விட்டபடி கையை நீட்டுவார்; அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சரியான ஸ்பேனரை அந்தக் கையில் வைப்பாள். இரண்டு பேரும் என்னதான் பேசிக்கொள்வார்களோ, எனக்குக் கேட்டதில்லை.

விடை கிடைத்தது சிதம்பரத்தில் அவமானப்பட்டுத் திரும்பிய ஒரு நாளில். வடக்கு வீதியில் வண்டி நின்று, மாப்பிள்ளை நடந்தே மண்டபத்துக்குப் போய்விட்டார். பிளக்கைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கடலூர் திரும்பும்போது, பக்கத்தில் நான் இருக்க, மாமா கோபத்தில் மிதிமிதியென்று மிதித்தார். புதுச்சத்திரம் எப்போது வந்தது, ஆலப்பாக்கம் எப்போது போனது, தெரியவில்லை. வண்டி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும் ஒரு பிளக்கைக் கழற்றித் துணியில் பிடித்துக்கொண்டு, சாப்பிட உள்ளே போய்க்கொண்டிருந்த என்னிடம் ஓடிவந்தார். முனை நல்ல பிஸ்கட் நிறத்தில் சுத்தமாக இருந்தது.

"மச்சான், பாத்தியா? ஓடுனா சுத்தமா இருக்குது. நடந்தாதான் கரி புடிக்குது. பொஸ்தகத்துல போட்ட நம்பரு ஓடுற காருக்கு. நம்ம காரு நடக்கிற காரு!"

எனக்கு அன்று காலையிலிருந்து சாப்பாடு இல்லை. "சரி மாமா" என்றேன்.

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனார். கடைக்காரர் வழக்கம்போல, "இன்னா வண்டிக்குண்ணே?" என்று கேட்டார்.

"நடக்கிற காருக்கு."

"தள்ளிக்கினு போறதா?"

"இல்லீங்க. இஞ்சின்லதான் போவுது. ஆனா நடக்கும்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதிர்க்கடையில் தொங்கிய சைலன்சர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். மாமா நாயனம், ராகம், வெடி எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் அவர் உள்ளே போய்த் தூசு படிந்த ஒரு பெட்டியைத் தட்டிக்கொண்டு வந்தார். "இது சூடான ரகம். உள்ள இந்த வெள்ளப் பீங்கான் நீட்டா இருக்குது பார், இது சூட்ட விடாம வச்சிக்கும். நீ எவ்ளோ மெதுவா போனாலும் அந்தச் சூட்டுல கரி எரிஞ்சிடும். ஆனா ஒண்ணு, இத்தப் போட்டுக்கினு வேகமா மிதிச்சே, சூடு ஜாஸ்தியாயி பிஸ்டன்ல ஓட்ட விழுந்திடும். அப்பறம் என்னாண்ட வரக் கூடாது" என்றார். வெயில் ஊரில் சூடான பிளக்கா என்று மாமாவுக்குக் கொஞ்சம் மனசு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்.

அதைச் சோதித்துப் பார்க்கத்தான் நான் கடற்கரை ரோட்டில் நடந்தேன். நாயனக்காரரை அதற்கென்று கூப்பிட முடியாதாம். "இவ்ளோ வேகமா எந்த நாயனக்காரரு போவாரு மச்சான்?" என்று ஸ்டியரிங்கில் இருந்து கத்தினார். "முக்கு வந்திடுச்சி பாரு, நில்லு. ராகம் முடியட்டும்." நான் நின்றேன். வாசிக்காத ராகம் முடிகிறவரைக்கும் வெயிலில் நின்றேன். மீன் கூடையோடு போன ஒரு அம்மாள், "என்னாப்பா, வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வண்டி நிற்கவில்லை. கடல் வரைக்கும் நடந்து, திரும்பி, மறுபடி நடந்து வந்தது. தும்மல் இல்லை, இருமல் இல்லை. மாமா இறங்கி வந்து நடுரோட்டில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து காருக்கு இரண்டு ஜோடிச் செருப்பு மாதிரி இரண்டு செட் பிளக். சூடான ஆறும் ஊர்வல பிளக். கையேட்டு நம்பர் ஆறும் ரோடு பிளக். மாறிப்போகாமல் இருக்க ஊர்வல பிளக்குகளின் தலையில் பவானி சிவப்பு நகப்பாலிஷால் பொட்டு வைத்தாள். மாற்று செட் எப்போதும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், வேட்டித் துணியில் சுற்றி, முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். வெளியூர் ஊர்வலம் முடிந்ததும் ஊர் எல்லையில் ஏதாவது மரத்தடியில் நிறுத்தி, பிளக் மாற்றிக்கொண்டுதான் பெரிய ரோட்டில் ஏறுவார். எவ்வளவு அவசரமானாலும் மாற்றாமல் ஏற மாட்டார். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மாற்றிவிடுவார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் எந்த ஊர்வலத்திலும் நிற்கவில்லை. ஆனால் நின்ற கார் என்ற பெயரும் போகவில்லை. கார் நின்றதைப் பார்த்தவர்கள் பத்து பேரிடம் சொன்னார்கள். நிற்காமல் போனதைப் பார்த்தவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

2010இல் பவானிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன், திட்டக்குடிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். சிதம்பரத்தில் கீழ வீதி மண்டபம். எல்லாம் பேசி முடித்து வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்த பிறகு, மாப்பிள்ளையின் அப்பா சின்னையன் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, ஒரு விசயம். அழைப்புக்கு அந்தக் காரு மட்டும் வேணாம். புதுப்பாளையத்துல ஸ்கூட்டர்ல போனானே, அந்த மாப்ள எங்க பெரியப்பா பேரன்."

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. ஊரான் வீட்டு மாப்பிள்ளைகளை எல்லாம் ஏற்றிப்போன வண்டியில் தன் பெண்ணுக்கு வரப்போகிறவனை ஏற்ற முடியாது என்றால் அப்புறம் அது எதற்கு? அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பவானியின் குரல் வந்தது. "அப்பா காருலதான் வரணும். இல்லன்னா நடந்து வரட்டும்." வெற்றிலைத் தட்டு கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளைப் பையன் சிரித்துவிட்டான். அதனால்தான் கல்யாணம் நடந்தது என்று சொல்ல வேண்டும்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம். காரிலேயே வரட்டும், ஆனால் பின்னாலேயே ஒரு வாடகை வேன் வரும். கார் நின்றால் மாப்பிள்ளை வேனில் ஏறிக்கொள்வார். "அப்பிடி ஏறுனாருன்னா மறுநாளே வண்டிய காயலான் கடையில போட்டுடுறேன்" என்று மாமா எல்லார் முன்னாலும் சொன்னார். சொன்னால் செய்கிற ஆள்தான்.

அழைப்பன்று மேல வீதிப் பிள்ளையார் கோயிலில் ஊர்வலம் கிளம்பியது. கோபுரத்தின் மேல் மாலை வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் தாய்மாமன் என்பதால் பட்டு வேட்டியோடு முன் சீட்டில் இருந்தேன். பின்னால் மாப்பிள்ளை. அவருக்குப் பின்னால் வேன். வேனில் சின்னையனின் பங்காளிகள், கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு. தெற்கு வீதி முக்கில் நாயனக்காரர் நின்றார். கடலூரில் நான் நின்றதெல்லாம் ஒன்றுமே இல்லை. இவர் ராகத்தை எடுத்தார், ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். ஊரே தலையாட்டியது. மாமாவின் கழுத்தில் வேர்வை கோடாக இறங்கியது. அவர் ராகத்தைக் கேட்கவில்லை, இஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இஞ்சினுக்காகச் சாமியைக் கும்பிட்டேன்.

கார் நிற்கவில்லை. கீழ வீதி திரும்பும்போது பின்னால் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. மாமா வெளிறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். வேன்தான். நடை வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து கிளட்ச் கருகி, நடுத்தெருவில் நின்றுவிட்டது. பங்காளிகள் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மண்டப வாசலில் காரை நிறுத்திய மாமா, இறங்கிப் போய்ச் சின்னையனிடம் வேன் சக்கரத்துக்குப் பின்னால் வைக்க ஒரு கல் மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

இதோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்து, பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் நேரம் வந்தது. அக்கா அழுதாள். பவானி அழுதாள். மாமா குனிந்து டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணைப் பெற்றவர் அன்றைக்குக் கூடப் போவது எங்கள் வழக்கத்தில் இல்லை. துணைக்குப் போகவேண்டியவன் நான். சின்னையன் அதைச் சொன்னபோது மாமா நிமிர்ந்தார்.

"நான் அப்பனா வரல. டிரைவரா வர்றேன்."

சின்னையன் வீட்டுக்காரர்கள் வேறொரு வண்டியில் முன்னால் போய்விட்டார்கள், ஆரத்தி ஏற்பாடு செய்ய. மாமா ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், பொண்ணு மாப்பிள்ளை பின்னால். ஊர் எல்லை வந்தது. மரம் வந்தது. டீக்கடையும் இருந்தது. வண்டி நிற்கவில்லை.

"பிளக்கு மாத்தலியா மாமா?"

"டப்பாவ வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டன் மச்சான். இதுலயேதான் போவணும். வேகமா போனா பிஸ்டன் போயிடும்."

சிதம்பரத்திலிருந்து திட்டக்குடி என்ன, பக்கத்துத் தெருவா? நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். வண்டி நடந்தது. சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. கரும்பு ஏற்றிய டிராக்டர் தாண்டிப் போனது; கரும்பின் மேல் உட்கார்ந்திருந்தவன் எங்களுக்கு டாட்டா காட்டினான். சேத்தியாத்தோப்பு வருவதற்குள் என் போனில் சின்னையன் மூன்று தரம் வந்துவிட்டார். "எங்க இருக்கீங்க?" "வந்துனே இருக்கோம்." "எங்கதான் இருக்கீங்க?" "அதே ரோட்டுலதான்."

மாப்பிள்ளை தூங்கிவிட்டார். பவானி கால்களைச் சேர்த்து வைத்து, புடவையை அவற்றின்மேல் பரப்பிக்கொண்டு, முன் சீட்டில் கையூன்றி, அவள் அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டு வந்தாள். பிரஷர் மாத்திரை பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது. கடை ஷட்டருக்கு எண்ணெய் போட வேண்டும். அம்மா கோபமாக இருந்தால் காபி கேட்கக் கூடாது, தானே போட்டுக்கொள்ள வேண்டும். அவர் "ம்" என்றார், "சரிம்மா" என்றார். ஒருமுறை, "அங்க தண்ணி உப்பா இருக்குமாம், கேட்டுக்க" என்றார். இதற்கு முன் அவர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டதில்லை என்றேன் அல்லவா. இவ்வளவுதான். எனக்கு எரிச்சல் போய்விட்டது என்று சொல்ல ஆசை. போகவில்லை. பசித்தது.

ஸ்ரீமுஷ்ணத்தில் இஞ்சின் ஆறட்டும் என்று வண்டியைத் திருப்பிக் கோயில் வாசலில் நிறுத்தினார். சூடே ஆகாத இஞ்சின். இறங்கிச் சாமி கும்பிட்டோம். பூவராகசாமியின் முன்னால் அவர் நின்ற நேரத்தில் நாயனக்காரர் இரண்டு ராகம் வாசித்திருப்பார்.

திட்டக்குடி போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. சின்னையன் பார்த்துவைத்த நல்ல நேரம் எப்போதோ போயிருந்தது. ஆரத்தித் தட்டோடு நின்றவர்கள் உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை இறங்கினார். பவானி இறங்குவதற்கு முன் குனிந்து, தன் காலடியிலிருந்து எதையோ எடுத்து அவள் அப்பாவிடம் நீட்டினாள்.

பிஸ்கட் டப்பா.

"சீட்டுக்கு அடியிலதான் இருந்துதுப்பா. சிதம்பரத்துலயே கால்ல இடிச்சிது" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள்; எனக்கும் அவருக்கும் மட்டும் கேட்டது. "போறப்ப மாத்திக்கிட்டு வேகமா போங்க. அம்மா தனியா இருப்பாங்க."

மாமா டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவர் மாதிரி. "இங்கதான் வச்சிருந்தனா" என்றார். அவள் அவர் தோளைத் தொட்டுவிட்டு இறங்கி, ஆரத்திக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவருக்கு ஆரத்தி கிடையாது. அவர் காரிலேயே இருந்தார்.

திரும்பும்போது ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். நான் செல்போன் வெளிச்சத்தைக் காட்டினேன். இஞ்சினுக்குள் குனிந்தபடி, பழக்க தோஷத்தில் கையைப் பின்னால் நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. எந்த ஸ்பேனர் என்று எனக்குத் தெரியவில்லை, எல்லாவற்றையும் கொடுத்தேன். நகப்பாலிஷ் வைத்த ஆறையும் ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுற்றினார். அன்றைக்கு நான் இரண்டு டீ குடிக்கிற நேரம் ஆயிற்று.

ரோடு பிளக்கில் வண்டி பறந்தது. காற்று முகத்தில் அறைந்தது. பின் சீட்டில் மல்லிகைப் பூ கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது. அதுவும் ஒவ்வொன்றாகப் பறந்துகொண்டிருந்தது. மாமா அழுதுகொண்டே ஓட்டினார். துடைத்துக்கொள்ளவில்லை. விருத்தாசலம் விளக்குகள் அதற்குள் வந்துவிட்டன.

"மாமா" என்றேன், "கொஞ்சம் மெதுவா போங்க."